பேத்தியின் கக்காவும் பிள்ளையார் கோயில் தூசும்

நூம்பல்,
செவ்வாய்க்கிழமை, காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. அப்பாவு அவர்களுக்கு, நூம்பலிலிருந்து கோதண்டம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வசந்தாவும் உங்கள் மாப்பிள்ளை இளங்கோவும் நலம். உங்கள் மகள் கலைவாணி நலம். ஏழு மாதப் பேத்தி கார்த்திகா நலம், அவள் வயிறு நலம், வயிற்றுக்குள் குடியிருப்பவர்களும் நலம் என்றே தகவல். திருவாலங்காட்டில் நீங்களும் சம்பந்தி அம்மாளும், சினையாக இருப்பதாகச் சொன்ன அந்தச் செவலைப் பசுவும் சுகமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். பிள்ளையாரிடம் எனக்கு இப்போது முன்போல் செல்வாக்கு இல்லை. ஏன் என்பது இரண்டு பக்கம் தள்ளி வரும்.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில், "இன்னா சம்பந்தி, என் பேத்தி கக்காவ ஐஸ்பொட்டில வெச்சிகினு இன்னா வெளையாட்டு வெளையாடறீங்க? ஊட்ல ஈயம் கீதாமே!" என்று கேட்டீர்கள். நான் "ஈயம்" என்று ஆரம்பித்து "இல்லை" என்று முடிப்பதற்குள், "வர்ற ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துகினு வரேன், பொண்ணயும் கொழந்தயயும் கூட்டிகினு வந்துடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். போனை நடுவில் வைக்கலாம். கடிதத்தை நடுவில் வைத்தாலும் மிச்சம் அதிலேயே இருக்கும், கோபம் ஆறினதும் எடுத்துப் படிக்கலாம். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். வராதீர்கள் என்றால் வரவே வராதீர்கள் என்று அர்த்தமில்லை. வாருங்கள், சாப்பிடுங்கள், பேத்தியைக் கொஞ்சுங்கள், ஆனால் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

நான் ஆவடியில் முப்பத்துநான்கு வருடம் பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் எக்ஸாமினராக இருந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தன்றே மூன்று முறை சொன்னதாக நீங்கள் யாரிடமோ குறைப்பட்டதும் என் காதுக்கு வந்தது. எக்ஸாமினர் வேலை என்பது குறை கண்டுபிடிக்கிற வேலை. ஒரு போல்ட்டைக் கையில் எடுத்தால் மரை சரியில்லை என்று விரலே சொல்லிவிடும். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், உங்கள் மகளிடம் மூன்று வருடத்தில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. முயற்சி செய்யவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். கலைவாணி ஐந்து மாதம் முழுகாமல் இருந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேணுகா என்கிற பெண் அவளிடம் வந்து பேசினாள். ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிறவள். இந்தப் பக்கத்துத் தாய்மார்கள் சில நூறு பேரையும் அவர்களுக்குப் பிறக்கிற குழந்தைகளையும் ஒரு வயது வரைக்கும் கவனித்து வருகிறார்களாம். அம்மா என்ன சாப்பிடுகிறாள், எதில் வைத்துச் சாப்பிடுகிறாள், வீட்டில் என்ன பெயின்ட், என்ன பூச்சிமருந்து, என்ன தூசு, அதெல்லாம் அவள் உடம்புக்குள் எவ்வளவு போகிறது, போனதால் அவள் குடலிலும் குழந்தையின் குடலிலும் இருக்கிற கிருமிகளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள். அதற்காகத்தான் சம்பந்தி கக்கா. கிருமிகளின் விலாசம் அதில்தான் இருக்கிறது. எனக்கும் முதலில் விளங்கவில்லை. பிறகு எங்கள் தொழிற்சாலை குவார்ட்டர்ஸை வைத்து யோசித்தேன், பளிச்சென்று விளங்கிவிட்டது. பிறந்த குழந்தையின் குடல் புதிதாகக் கட்டி முடித்த குவார்ட்டர்ஸ். முதல் ஒரு வருடத்தில் யாருக்கு எந்த வீடு என்று அலாட்மென்ட் நடக்கிறது. தாய்ப்பால் வழியாக நல்ல குடும்பங்கள் குடிவந்துவிட்டால் தோட்டம் போட்டு, குழாயடியில் சண்டையில்லாமல் இருப்பார்கள். கண்ட ரசாயனமும் உள்ளே போய் நல்லவர்களைத் துரத்திவிட்டால், வேண்டாதவன் சாவி வாங்கிவிடுவான், அப்புறம் காலிசெய்ய வைப்பது பெரும்பாடு. இதை ரேணுகாவிடம் சொன்னேன். "கிட்டத்தட்ட அப்படித்தான் சார்" என்றாள். அந்தக் 'கிட்டத்தட்ட'வை அவள் கொஞ்சம் இழுத்துத்தான் சொன்னாள்.

உங்கள் மகள் ஏன் இதில் சேர்ந்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். எங்களுக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. பூந்தமல்லியில் அந்த ஜவுளிக்கடை பில் கவுன்டரில் அந்த ஐந்தாம் மாதம் வரைக்கும் வேலைக்குப் போனாளே, ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு பில் கையால் கிழித்துக் கொடுப்பாள். ரேணுகா வாசித்துக் காட்டிய கேள்வித்தாளில் 'வேலையிடத்தில் பில் காகிதம் தொடுவது உண்டா' என்று ஒரு கேள்வி. அன்றைக்குக் கலைவாணி வீட்டுக்கு வந்து பழைய பில் ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினாள். "அந்த வழவழப் பேப்பர் மாமா. நகத்தால கீறினா கறுப்பா கோடு விழும் பாருங்க. அதுக்காக ஒரு மருந்து பூசியிருப்பாங்களாம். அது கை வழியா உடம்புக்குள்ள போகுமாம்" என்றாள். சொல்லிவிட்டு வயிற்றின் மேல் கையை வைக்கப் போனவள், வைக்காமல் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். நான் செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். தன் குழந்தைக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்தாக வேண்டும் என்கிற ஒன்றுக்காகத்தான் அவள் இவ்வளவும் செய்கிறாள். "உங்க குழந்த ஒண்ண மட்டும் வெச்சு எங்களால ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, நூத்துக்கணக்கான குழந்தைங்களச் சேத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்று ரேணுகா ஒளிக்காமல் சொன்னாள். வேறு பெண்ணாக இருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்பாள். உங்கள் மகள் பேனாவை வாங்கினாள். "அப்ப எம்பாப்பாவும் அதுல ஒண்ணா இருக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

இனி ஐஸ்பெட்டி விஷயம். குழந்தையின் கக்காவைச் சிறு குப்பியில் எடுத்து, ரேணுகா வரும்வரை குளிரில் வைக்கவேண்டும். வசந்தா ஃப்ரிட்ஜின் முன்னால் கையை விரித்து நின்றுகொண்டாள். "சாமிக்குப் பால் வெக்கற பொட்டிம்மா இது! இதுல அத வெச்சா நான் இந்த வீட்லயே சாப்பிட மாட்டேன்" என்றாள். உங்கள் மகள் பதிலுக்குப் பதில் பேசவில்லை. குப்பியைப் பையில் போட்டு, பையைப் பெரிய பையில் போட்டு, அதை எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடி, மாமியார் கையில் கொடுத்தாள். "அத்த, மேல நூல் கட்டி நீங்களே முடிச்சுப் போடுங்க. உங்களத் தவிர யாரும் அவுக்கக் கூடாது" என்றாள். வசந்தாவுக்கு முடிச்சுப் போடும் அதிகாரம் கிடைத்ததும் எதிர்ப்பெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இப்போது தெருவில் அவள்தான் இந்த ஆராய்ச்சிக்கே தலைவி. பக்கத்து வீட்டுக்காரி, "எம்பேரனோடதயும் கேப்பாங்களா?" என்று கேட்டபோது, "எல்லாத்தோடதயும் எடுத்துக்க மாட்டாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

நான்காம் மாதக் குப்பியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப்போட்டிருந்ததில் ரேணுகாவின் வண்டி இந்தப் பக்கம் வர முடியவில்லை, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் காத்திருக்கிறேன் என்றாள். நான்கு மணிநேரத்துக்குள் சேர்த்தாக வேண்டும். ரேணுகா கொடுத்திருந்த சின்ன ஐஸ்பெட்டியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேலப்பன்சாவடியில் பஸ் ஏறினேன். ஆடாமல் அசையாமல் நான் பிடித்திருந்த விதத்தைப் பார்த்த கண்டக்டர், "இன்னா பெருசு, திருப்பதி லட்டா? எனக்கு ஒண்ணு குடேன்" என்றார். நான் வாழ்க்கையில் பொய் ரிப்போர்ட் எழுதாதவன் (அப்போது வரைக்கும்). "கொழந்தையோட கக்கா" என்றேன். பஸ்ஸில் எனக்கு இரண்டு பக்கமும் இடம் தாராளமாகிவிட்டது. குமணன்சாவடியில் பஸ் நின்றது நின்றதுதான், ஒரு மணிநேரம். ஐஸ் உருகும் சத்தமே எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. கரையான்சாவடி வந்ததும் இறங்கி ஓடினேன், இந்த வயதில், இந்த மூட்டோடு. ஒரு மீன்காரம்மாவிடம் ஐஸ் கேட்டேன். "உள்ள இன்னா மீனு கீது சார்?" என்று மூடியைத் திறக்கப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுளிக்கவில்லை. "எம்பொண்ணும் முழுவாம கீறா சார். எதத் துன்றது எத வுடறதுன்னு ஒண்ணும் பிரியல. கண்டுபுடிச்சா எங்களாண்டயும் வந்து சொல்லு" என்று இரண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டாள். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். நான் வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கியபோது உங்கள் மகள் முதலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தாள், அப்புறம்தான் குப்பியைப் பற்றிக் கேட்டாள்.

அடுத்தது சாப்பாட்டு டைரி. மாதாமாதம் மூன்று நாள் அம்மா வாயில் போட்டது ஒவ்வொன்றையும் எழுதவேண்டும். அதை நான் ஒருநாள் யதேச்சையாகப் புரட்டினேன். யதேச்சையாக என்பது தேடி எடுத்து என்று அர்த்தம். அதில், 'மாலை 4 மணி: வாழைக்காய் பஜ்ஜி மூன்று, நியூஸ்பேப்பரில் எண்ணெய் ஒற்றியது. இரவு: ஓட்டல் இட்லி, சாம்பார் சூடாகப் பிளாஸ்டிக் கவரில் வந்தது' என்று எழுதியிருந்தது. எனக்குப் பதறிவிட்டது. இதைப் படிக்கிற டாக்டர் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்? பஜ்ஜியை அடித்துவிட்டு முருங்கைக்கீரை என்று எழுதினேன். இட்லியைக் கேழ்வரகுக் களி ஆக்கினேன். சாம்பாரை மண்சட்டிக்கு மாற்றினேன். மறுநாள் கலைவாணி பார்த்துவிட்டு, "மாமா, முருங்கக்கீர தின்னவ வயித்துல பஜ்ஜி தின்ன கிருமி இருந்தா அவங்க குழம்பிடுவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, எல்லாவற்றையும் திருத்தி எழுதினாள். அவள் எதையும் மறைக்கவில்லை. பூச்சிமருந்து பற்றிய கேள்விக்கு என்ன எழுதியிருந்தாள் என்றும் பார்த்தேன். 'அப்பா மருந்து கேனை அலம்பிவிட்டு அதில்தான் வயலுக்குக் குடிதண்ணீர் எடுத்துப்போவார். பத்து வயதிலிருந்து நானும் குடித்திருக்கிறேன்' என்று இருந்தது. குறையாகச் சொல்லவில்லை சம்பந்தி. எங்கள் ஊர்க் காற்று சுத்தம், தண்ணீர் சுத்தம் என்று நீங்கள் போனில் சொன்னதால் ஞாபகம் வந்தது.

இப்போது தூசுக்கு வருகிறேன். இதுவரை எழுதினதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான் எழுதினேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆறாம் மாதத்தில் ரேணுகா ஒரு பையும் சின்ன பிரஷும் கொடுத்தாள். ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் பெருக்கக்கூடாது, துடைக்கக்கூடாது, எட்டாம் நாள் அங்கே சேர்ந்த தூசைப் பையில் எடுத்து வைக்கவேண்டும். எட்டாம் நாள் குழந்தைக்குத் தடுப்பூசி என்பதால் கலைவாணி அந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தாள். "மாமாதான் இதுக்கெல்லாம் சரி" என்று சொல்லிக் கொடுத்தாள், அந்த வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் நான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தலைமுடி, நூல், முறுக்குத்துண்டு, எறும்பு. இந்தத் தூசு எங்கள் வீட்டு நம்பரோடு ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகப்போகிறது! தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் வருகிறதென்றால் ஒரு வாரம் முன்னாலேயே தரை கழுவி, வெள்ளைக்கோடு போட்டு, நல்ல பீஸாகப் பொறுக்கி மேல்வரிசையில் அடுக்குவது எங்கள் வழக்கம். வருகிறவர்களுக்கும் அது தெரியும், மேல்வரிசையை மட்டும் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போவார்கள். முப்பத்துநான்கு வருடப் பழக்கம் கையில் ஏறிவிட்டது. வாளியில் ஃபினாயில் ஊற்றி, கட்டிலுக்கு அடியில் மூன்று முறை துடைத்தேன்.

எட்டாம் நாள் காலையில் பிரஷோடு உட்கார்ந்தால் எடுக்கத் தூசு இல்லை. எதிர்வீட்டு சுலைமான் என்னோடு வேலை பார்த்தவர், அவரிடம் போய்க் கொஞ்சம் தூசு கிடைக்குமா என்று கேட்டேன். "இன்னா அண்ணாத்தே, காப்பித்தூள் கேப்பாங்க, சக்கர கேப்பாங்க. பெருநாள் வருதுன்னு நேத்துதான் எல்லாத்தயும் தொடச்சாங்க, லேட்டா வந்துட்டியே" என்றார். அப்போதுதான் தெருமுனைப் பிள்ளையார் கோயில் நினைவுக்கு வந்தது. சாமி இருக்கிற இடத்துத் தூசு சுத்தமான தூசாகத்தானே இருக்கும்? தூசிலேயே அதைவிட உயர்ந்த ரகம் கிடைக்காது என்று நினைத்தேன். மண்டபத்து மூலையில் பக்தியோடு பிரஷால் ஒற்றி எடுத்துப் பையில் போட்டு, எங்கள் வீட்டு நம்பரை எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டேன். சம்பந்தி, ஒரு பீஸைக்கூட மாற்றி வைக்காத கை இது. ஓய்வு பெற்ற பிறகு மாற்றிவிட்டது.

மூன்று வாரம் கழித்து ரேணுகா ஒரு பெரிய டாக்டரம்மாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். இருவர் முகமும் சரியில்லை. உங்கள் வீட்டுத் தூசில் ஈயம் அதிகமாக இருக்கிறது, இவ்வளவு இருக்கக்கூடாது என்றார்கள். ஈயம் தவழ்கிற குழந்தைக்கு ஆகாது, மூளை வளர்ச்சியையே பாதிக்கும் என்றார்கள். சுவரைச் சுரண்டினார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள், யாராவது பேட்டரி வேலை செய்கிறார்களா என்று கேட்டார்கள். கலைவாணி குழந்தையைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இதிலெல்லாம் ஈயம் இருக்குமோ என்று மை டப்பா, கிலுகிலுப்பை, பொம்மை, ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டாள். அப்புறம் மிக மெதுவாக, "மேடம், நான் பால் குடுக்கலாமா, வேணாமா?" என்று கேட்டாள்.

அதுவரை நான் கதவோரம் தூண் மாதிரி நின்றிருந்தேன். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும், "அது நம்ம வீட்டுத் தூசு இல்லம்மா, பிள்ளையார் கோயில் தூசு" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா முதலில் விழித்தார், பிறகு சிரித்துவிட்டார். ரேணுகா தலையில் கைவைத்துக்கொண்டாள். வசந்தா என்னைத் திட்டின வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது. கலைவாணி மட்டும் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. குழந்தையோடு உள்ளே போய்விட்டாள். சம்பந்தி, அவள் உள்ளே போய் வருவதற்குள் ஆன அந்த ஐந்து நிமிடத்தைப்போல் நான் எந்த இன்ஸ்பெக்ஷனிலும் வியர்த்ததில்லை. வெளியே வந்தபோது கையில் அந்த டைரியும் பேனாவும் இருந்தன. கண் சிவந்திருந்தது. "நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்க கையாலயே எழுதுங்க மாமா. எந்தத் தேதின்னும் போடுங்க" என்றாள். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். என் எழுத்து நடுங்கியிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகப் படிக்கவேண்டும். நான் எழுதி முடித்ததும் டாக்டரம்மா, "நல்லவேளை, அப்ப பயப்பட வேண்டியதில்ல" என்று எழுந்தார். உங்கள் மகள் விடவில்லை. "எங்க வீட்டுத் தூசி இல்லன்னா சரி மேடம். ஆனா ஈயம் இருக்கறது நெஜம்தான? இந்தத் தெருக் குழந்தைங்க எல்லாம் அந்த மண்டபத்துலதான தவழுதுங்க? வெள்ளிக்கெழமையானா எங்க அத்த பாப்பாவயும் அங்கதான் உக்கார வெப்பாங்க" என்றாள். டாக்டரம்மா மறுபடி உட்கார்ந்தார். அத்தனை படித்தவர்களுக்கும் தோன்றாதது, முப்பத்துநான்கு வருடம் குறை கண்டுபிடித்த எனக்கும் தோன்றாதது, அழுத கண்ணோடு நின்ற உங்கள் மகளுக்குத் தோன்றியது. அன்றே குழந்தைக்கு இரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் அவள் வழக்கம்போல் சமைத்தாள், பால் கொடுத்தாள், டைரி எழுதினாள். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. எங்கள் வீட்டிலும் மறுபடி தூசு எடுத்தார்கள், அதில் முறுக்குத்துண்டைத் தவிர விசேஷமாக ஒன்றுமில்லை.

கோயில் சுவரைச் சோதித்ததில் மேல்பூச்சுக்கு அடியில் ஏதோ பழைய காலத்துப் பச்சைப் பெயின்ட், அது உரிந்து உரிந்து விழுந்திருக்கிறது. அங்கே வைத்திருந்த குங்குமத்தின் பேரிலும் சந்தேகம் என்றார்கள். இதை ஊரில் யார் போய்ச் சொல்வது? கோயிலுக்கு விளக்கேற்றுகிற பொன்னியம்மா வாசலிலேயே பூ விற்கிறவள், அவள் சம்மதிக்காமல் அங்கே ஓர் ஆணி அடிக்க முடியாது. உங்கள் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே அவளிடம் போனாள். "இன்னாம்மா பேசற நீ? சாமி கோயில் தூசுல வெசம் கீதுன்றியா?" என்று பொன்னியம்மா எகிறினாள். "சாமியச் சொல்லலக்கா. செவுத்துல உரியுது பாரு, அந்தப் பெயின்ட்டச் சொல்றேன். உம்பேரனும் அங்கதான தவழறான், அவன் வாயில போட்டுக்கிட்டா சாமியா வந்து எடுக்கும்?" என்றாள் கலைவாணி. பொன்னியம்மா பூக்கூடையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பத்தே நாளில், தூசு பறக்காமல் சுவரை நனைத்துச் சுரண்டி, ஈயம் இல்லாத பெயின்ட் அடித்து, குங்குமத்தையும் மாற்றிவிட்டார்கள். சுரண்டும்போது குழந்தைகள் யாரும் கிட்டே வராமல் கம்பு வைத்துக்கொண்டு காவல் இருந்தவன் நான். அதற்கும் கலைவாணிதான் என் பெயரைச் சொன்னாள். அவ்வளவு நடந்த பிறகும், "மாமா பாத்துப்பாரு" என்றாள். இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

ஆக, ஈயம் என்பது இதுதான். வசந்தா சம்பந்தி அம்மாளிடம் போனில் கதையின் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று வைத்துவிட்டதால் வந்த வினை. வீட்டில் ஈயம் இல்லை, குழந்தைக்கு ஒன்றுமில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து மாத ஆராய்ச்சி பாக்கி இருக்கிறது. இப்போது நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் எங்கள் வீடு ஆராய்ச்சியிலிருந்தே கழிந்துவிடும், அவள் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். அவளுக்கும் இங்கிருந்து போக இஷ்டமே இல்லை, எனக்கு நன்றாகத் தெரியும். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இப்படி ஒரு பெண்ணை வளர்த்தவர் நீங்கள், அவளை அவள் எடுத்த காரியத்தை முடிக்க விடுங்கள்.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் இருவரின் வணக்கம். செவலைக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். பேத்தி உங்கள் கையால் தலையைத் தொட்டு ஆசி வாங்கக் காத்திருக்கிறாள்.

என்றும் உங்கள் அன்புள்ள,
சி. கோதண்டம்
எக்ஸாமினர் (ஓய்வு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் பின்கோடு சரிதானா என்று கேட்கக் கலைவாணியிடம் கொடுத்தேன். அவள் பின்கோடோடு நிறுத்தாமல் முதல் வரியிலிருந்து படித்துவிட்டாள். படித்து முடித்து மடித்து வைத்தாள். பிறகு சொன்னாள், திருவாலங்காட்டிலிருந்தும் குப்பி கொடுக்கலாமாம். ரேணுகா ரயிலேறி வந்து வாங்கிக்கொள்வாளாம். எங்கே தங்கினோம், என்ன சாப்பிட்டோம் என்று எழுதினால் போதுமாம், வீடு ஒன்றும் கழிந்துவிடாதாம். அதற்குமேல் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "ரிசல்ட் வர்ற வரைக்கும் அந்த ஒரு வாரம் பூராவும் எனக்கு எங்கம்மா மடியில போய்ப் படுத்துக்கணும்னு இருந்தது மாமா. யாரும் கேக்கல, நானும் சொல்லல. எங்கப்பாவுக்கு என்னப் பத்தி இத்தன பக்கம் எழுதியிருக்கீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த, போறியாம்மான்னு கேட்டிருக்கலாம்ல?"

நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை சம்பந்தி, வண்டி எடுத்து வருகிறேன் என்றுதான் சொன்னீர்கள். கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதட்டுமா என்றேன். "வேணாம், அப்படியே அனுப்புங்க, எங்கப்பா படிக்கட்டும்" என்றாள். ஆகவே மேலே ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள் என்று எழுதினதைத் தள்ளிவிட்டு, சனிக்கிழமை காலையிலேயே வந்துவிடுங்கள். எத்தனை நாள் இருந்துவிட்டு வருவாய் அம்மா என்று இப்போதுதான் கேட்டேன். சிரித்தாள். பதில் இன்னும் சொல்லவில்லை.